கூவித் தேடும் வௌவாலும் மௌனமாய்த் தேடும் சுறாவும்

இருட்டில் ஒரு பொருளைத் தேட வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? டார்ச் விளக்கைக் கொண்டுவருகிறோம். விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளி பொருளின்மேல் பட்டுத் திரும்பி நம் கண்ணை அடைகிறது, பொருள் தெரிகிறது. விளக்கு இல்லையென்றால்? தேடும் பொருள் ஒரு கடிகாரமானால், மூச்சை அடக்கிக்கொண்டு 'டிக் டிக்' ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறோம்.

மாணவ நண்பர்களே, இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். முதல் வழியில், தேடுபவரே ஆற்றலைச் செலவழித்து அனுப்புகிறார். திரும்பி வருவதைப் பெற்றுக்கொள்கிறார். இரண்டாவது வழியில், தேடுபவர் எதையும் அனுப்புவதில்லை. தேடப்படும் பொருள் தானாகவே வெளிவிடுவதைப் பெற்றுக்கொள்கிறார். இயற்கையில் இரவில் வேட்டையாடும் விலங்குகளும் இவ்விரு வழிகளையே கையாளுகின்றன. முதல் வழிக்கு ஒரு வௌவாலையும், இரண்டாவது வழிக்கு ஒரு சுறாவையும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்போம். எந்த வழி சிறந்தது என்னும் கேள்விக்கு விடை, நீங்கள் வகுப்பில் படிக்கும் ஒலியியலிலும் மின்னியலிலும் இருப்பதைக் காண்பீர்கள்.

இரு வேட்டைக்காரர்கள்

நம் வௌவால் வட அமெரிக்காவில் வாழும் சிறு பழுப்பு வௌவால். விலங்கியலார் இதற்கு இட்ட பெயர் மயோட்டிஸ் லூசிஃபூகஸ். 'லூசிஃபூகஸ்' என்றால் ஒளியை விட்டு ஓடுவது என்று பொருள். இதன் எடை பெரும்பாலும் 7 முதல் 9 கிராம். அதாவது இரண்டு தேக்கரண்டி நீரின் எடைகூட இராது. சிறகுகளை விரித்தால் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். உணவு கொசு, ஈ, அந்துப்பூச்சி போன்ற பறக்கும் பூச்சிகள்.

நம் சுறா, சிறுபுள்ளிப் பூனைச்சுறா. சுறா என்றதும் ஆளை விழுங்கும் பெரிய மீனை நினைத்து அஞ்ச வேண்டாம். இது பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளத்தைத் தாண்டாத, சாதுவான மீன். நார்வேயிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரையிலான அட்லாண்டிக் கரையோரங்களிலும் மத்தியதரைக் கடலிலும் கடலடியை ஒட்டி வாழ்கிறது. இரவில் இரை தேடும். நண்டு, நத்தை, புழு, சிறு மீன் ஆகியவை இதன் உணவு. இதன் அறிவியல் பெயர் ஸைலியோரைனஸ் கானிகுலா. 'கானிகுலா' என்பதற்கு இலத்தீன் மொழியில் சிறு நாய் என்று பொருள். பெயரிலே நாய், வழக்கிலே பூனை!

வௌவாலின் காதுக்குள்ளே

வௌவால் இருளில் எவ்வாறு வழி அறிகிறது என்ற கேள்வியை முறையாகச் சோதித்தவர் இத்தாலியரான ஸ்பல்லன்சானி. 1793-இல் அவர் ஓர் ஆந்தையையும் வௌவால்களையும் அறையில் பறக்கவிட்டார். மெழுகுவர்த்தி அணைந்ததும் ஆந்தை தடுமாறியது, வௌவால்கள் தடுமாறவில்லை. கண் பார்வையை நீக்கிய வௌவால்களும் முன்போலவே பறந்தன, பூச்சிகளையும் பிடித்தன. அடுத்த ஆண்டு ஜெனீவாவைச் சேர்ந்த ஜூரின் என்பவர் வௌவால்களின் காதுகளை அடைத்துப் பார்த்தார். உடனே அவை பொருள்களின்மேல் மோதிக்கொண்டன. ஸ்பல்லன்சானியும் இதைத் திரும்பச் செய்து பார்த்து உறுதி செய்தார்.

ஆகவே வௌவாலுக்குக் கண் தேவையில்லை, காது தேவை என்பது தெளிவாயிற்று. ஆனால் காதால் எதைக் கேட்கிறது? அந்த அறையில் மனிதர் எவர் காதிலும் எந்த ஓசையும் விழவில்லையே! விடை சொல்ல முடியாததால் பலர் சோதனையையே ஐயுற்றனர். வௌவால் சிறகின் தொடு உணர்வால் வழி அறிகிறது என்ற கருத்தே நெடுநாள் நிலவியது.

விடை கிடைக்க 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பியர்ஸ், பூச்சிகள் எழுப்பும் உயர் அதிர்வெண் ஒலிகளை ஆராய ஒரு கருவி அமைத்திருந்தார். அங்கு மாணவராக இருந்த டொனால்டு கிரிஃபின், வௌவால்களை அந்தக் கருவியின் முன் கொண்டுவந்தார். மௌனமாக இருந்ததாக எண்ணிய வௌவால்கள், உண்மையில் கூவிக்கொண்டே இருந்தன! மனிதக் காது கேட்கக்கூடிய மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். வௌவாலின் குரலோ அதற்கும் மேற்பட்ட மீயொலி. பின்னர் கிரிஃபினும் காலம்போஸ் என்பவரும் சேர்ந்து, காதை அடைத்தாலும் சரி, வாயைக் கட்டினாலும் சரி, வௌவால் வழி தவறுகிறது என்று காட்டினர். வாய் அனுப்புகிறது, காது பெறுகிறது. 1944-இல் கிரிஃபின் இதற்கு எதிரொலி இடமறிதல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

மீயொலி எதற்கு?

நாம் கேட்கும் ஒலியிலேயே வௌவால் கூவியிருக்கலாமே? ஏன் கூவவில்லை? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அலைநீளம் = ஒலியின் வேகம் ÷ அதிர்வெண். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 340 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒலியின் அலைநீளம் 1 மீட்டர். இந்த அலை ஒரு கொசுவைச் சந்தித்தால் என்ன ஆகும்? குளத்து அலை நாணல் தண்டைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல, கொசுவைச் சுற்றிக்கொண்டு போய்விடும்; எதிரொலி என்று சொல்லத்தக்கது எதுவும் திரும்பாது. நல்ல எதிரொலி கிடைக்க வேண்டுமானால், அலைநீளம் ஏறத்தாழ பொருளின் அளவுக்காவது சிறிதாக இருக்க வேண்டும்.

சிறு பழுப்பு வௌவாலின் ஒவ்வொரு குரலும் ஏறத்தாழ 80 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, சில மில்லி வினாடிகளுக்குள் 40 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 40 கிலோஹெர்ட்ஸுக்குரிய அலைநீளம் 8.5 மில்லிமீட்டர், 80 கிலோஹெர்ட்ஸுக்கு 4.25 மில்லிமீட்டர். பூச்சிகளின் அளவும் இதுதானே! பூச்சியைப் பிடிக்க ஏற்ற அலைநீளத்தை வௌவால் கையாளுகிறது என்பது இப்போது விளங்கும்.

தொலைவை அறிவது எப்படி? குரல் புறப்பட்டதற்கும் எதிரொலி வந்ததற்கும் இடையே உள்ள காலத்தால். பூச்சி 1 மீட்டர் தொலைவில் இருந்தால் ஒலி போய்வர 2 மீட்டர். ஆகும் காலம் ஏறத்தாழ 6 மில்லி வினாடி. பூச்சி 10 சென்டிமீட்டரில் இருந்தால் 0.6 மில்லி வினாடிதான். திசையை அறிய இரண்டு காதுகளிலும் விழும் எதிரொலிகள் ஒப்பிடப்படுகின்றன.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. 2 மில்லி வினாடி நீடிக்கும் ஒரு குரலைக் கருதுங்கள். அந்தக் குரல் முடிவதற்குள் அதன் முன்முனை 68 சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே பூச்சி 34 சென்டிமீட்டருக்கும் அருகில் இருந்தால், குரல் முடியுமுன்பே எதிரொலி வந்து அதனுடன் கலந்துவிடும். கலக்காமலிருக்க வௌவால் என்ன செய்கிறது? இரையை நெருங்க நெருங்கக் குரலைக் குறுக்கிக்கொண்டே போகிறது. இறுதிக் கட்டத்தில் ஒவ்வொரு குரலும் ஒரு மில்லி வினாடிக்கும் குறைவு. அதே சமயம் குரல்களின் எண்ணிக்கை பெருகுகிறது. தேடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 20 என்று இருந்தது, பிடிக்கும் தறுவாயில் 200 வரை உயர்கிறது. பூச்சி அருகில் வந்துவிட்டது. அதன் இருப்பிடம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. எனவே செய்தியும் விரைந்து கிடைக்க வேண்டுமன்றோ?

இவ்வளவு உரக்கக் கூவும் விலங்கின் காது அதன் குரலாலேயே செவிடாகிவிடாதா? அதற்கும் ஏற்பாடு உண்டு. குரல் எழும் தறுவாயில் நடுச்செவியிலுள்ள ஒரு நுண்ணிய தசை சுருங்கிக் காதின் கூர்மையைக் குறைக்கிறது; எதிரொலி வருமுன் மீண்டும் தளர்ந்து கொடுக்கிறது.

இத்தனையும் சேர்ந்து தரும் பயன் என்ன? 1960-இல் கிரிஃபினும் அவருடைய தோழர்களும் ஓர் அறைக்குள் கொசுக்களைப் பறக்கவிட்டு, இந்த வௌவாலை வேட்டையாடவிட்டனர். வேட்டைக்கு முன்னும் பின்னும் வௌவாலை நிறுத்துப் பார்த்ததில், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ பத்துக் கொசுக்களைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது.

சுறாவின் முகத்திலே துளைகள்

இனிக் கடலுக்குள் இறங்குவோம். பூனைச்சுறாவின் மூக்குப் பகுதியை உற்றுப் பார்த்தால் குண்டூசியால் குத்தியது போன்ற நுண்துளைகள் ஏராளமாகத் தென்படும். ஒவ்வொரு துளையும் ஒரு மெல்லிய குழாயின் வாய். குழாய் நிறைய ஒரு வழவழப்பான கூழ். குழாயின் அடியில் ஒரு சிறு குடுவை. அதன் சுவரில் உணர்வுச் செல்கள். இத்தாலியரான லோரன்சினி 1678-இல் இவற்றை விவரித்து எழுதினார். அதனால் இவை லோரன்சினி குடுவைகள் எனப்படுகின்றன.

எதற்காக இந்தக் குடுவைகள்? 1938-இல், கிரிஃபின் வௌவாலின் குரலைக் கண்டறிந்த அதே ஆண்டில், சாண்டு என்னும் ஆராய்ச்சியாளர் இவை வெப்பநிலை மாற்றத்தை உணர்வதாகக் கண்டார். அழுத்தத்தை உணர்பவை என்று கருதியோரும் உண்டு. 1960-இல்தான் முர்ரே என்னும் ஆங்கில அறிஞர், மிக மிக நலிந்த மின்புலத்துக்கும் இந்த உறுப்புகள் மறுமொழி தருவதைக் கண்டுபிடித்தார். லோரன்சினியின் காலத்திலிருந்து 282 ஆண்டுகள் ஆகியிருந்தன! காரணம் வௌவாலின் கதையில் நாம் கண்டதேதான். நமக்கு அந்தப் புலன் இல்லை. இல்லாத புலனைப் பற்றி நமக்கு ஐயம்கூட எழுவதில்லை. கருவி பிறந்த பிறகுதான் கேள்வியே பிறக்கிறது.

ஒரு குறிப்பு மட்டும் முன்னரே கிடைத்திருந்தது. 1930-களில் நெதர்லாந்தைச் சேர்ந்த டைக்கிராஃப், கண் மறைக்கப்பட்ட பூனைச்சுறா ஒன்று, துருப்பிடித்த இரும்புக் கம்பி அருகில் வந்தாலே விலகுவதைக் கண்டார். கண்ணாடிக் குச்சியைக் கொண்டுவந்தால் அது கவலைப்படவில்லை. உப்புநீரில் துருப்பிடிக்கும் இரும்பு ஒரு சிறு மின்கலமாகச் செயல்படும் என்பதை நீங்கள் வேதியியலில் படித்திருப்பீர்கள்.

ஓர் அழகிய சோதனை

சுறாவின் உறுப்பு மின்சாரத்தை உணர்கிறது என்பது ஒன்று. அதைக் கொண்டு சுறா இரை தேடுகிறது என்பது வேறொன்று. இரண்டாவதை மெய்ப்பித்தவர் டைக்கிராஃபின் மாணவர் கால்மைன். 1971-இல் வெளியான அவருடைய சோதனைகளைப் படிப்படியாகக் காண்போம். ஒவ்வொரு படியிலும் அடுத்து என்ன நடக்கும் என்று முதலில் நீங்களே ஊகித்துப் பாருங்கள்.

இரையாக அவர் எடுத்துக்கொண்டது பிளேஸ் என்னும் தட்டை மீன். நம் மீனவர்கள் நாக்குமீன் என்று சொல்லும் மீனைப் போல இதுவும் தட்டையான உடலுடன் மணலுக்குள் புதைந்து கிடப்பது.

முதற்படி: மீன் மணலுக்குள் புதைந்திருந்தது. பூனைச்சுறா மேலாக நீந்தி வந்தது. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நெருக்கத்தில் சட்டென்று திரும்பி, மணலைக் கிளறி மீனைப் பிடித்தது. கண்ணால் கண்டிருக்க முடியாது. ஆனால் வாசனையால் அறிந்திருக்கலாமே?

இரண்டாம் படி: மீனை அகர் என்னும் கூழாலான கூண்டுக்குள் வைத்து மணலில் புதைத்தார். கடல்நீரில் செய்த அகர் கூழ் மின்சாரத்தைக் கடத்தும், வாசனையைத் தடுக்கும். மீன் மூச்சுவிட வேண்டிய நீர் ஒரு குழாய்வழியே வந்து, சற்றுத் தள்ளி வேறிடத்தில் வெளியேறியது. சுறா எங்கே பாய்ந்தது? நீர் வெளியேறும் இடத்துக்கல்ல. மீன் இருந்த இடத்துக்கே நேராகப் பாய்ந்தது!

மூன்றாம் படி: உயிருள்ள மீனுக்குப் பதிலாகக் கூண்டில் மீன் துண்டுகளை வைத்தார். இப்போது சுறா, வாசனை கலந்த நீர் வெளியேறிய இடத்தில் தேடியது, கூண்டைக் கவனிக்கவில்லை. எனவே சுறாவுக்கு மூக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முந்திய படியில் அதற்கு வழிகாட்டியது மூக்கன்று.

நான்காம் படி: மீண்டும் உயிருள்ள மீன். ஆனால் கூண்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்தப்பட்டது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. சுறா மீனுக்கு நேர்மேலே நீந்திச் சென்றது. எதையும் அறியாமல் போய்விட்டது.

ஐந்தாம் படி: மீனே இல்லை. மணலுக்குள் இரண்டு மின்வாய்களைப் புதைத்து, மீனின் மின்புலத்தை ஒத்திருக்கும்படி சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினார். டார்ச் பல்பில் ஓடும் மின்னோட்டத்தில் இது பல்லாயிரத்தில் ஒரு பங்கு. சுறா மின்வாய்களின்மேல் பாய்ந்து மணலைத் தோண்டியது. அருகிலேயே ஒரு மீன் துண்டு கிடந்தும் அதை விட்டுவிட்டு மின்வாயைத்தான் முதலில் தாக்கியது.

ஒவ்வொரு படியும் ஒரு மாற்று விளக்கத்தை நீக்குகிறது. எஞ்சி நிற்பது ஒன்றே. ஸ்பல்லன்சானி கண்ணை நீக்கியும், ஜூரின் காதை அடைத்தும் கண்ட முறையும் இதுவே. விலங்கிடம் கேள்வி கேட்க முடியாது. ஆனால் ஒரு வழியை அடைத்துவிட்டு அது என்ன செய்கிறது என்று பார்க்கலாம். அறிவியலில் விலங்கிடம் கேள்வி கேட்கும் முறை இதுதான்.

மீனிடம் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

தட்டை மீன் மின்சாரம் பாய்ச்சும் மீனன்று. ஆயினும் எல்லா உயிர்ச் செல்களின் சவ்வுக்கும் உள்ளும் புறமும் மின்னழுத்த வேறுபாடு உண்டு. மீனின் உடல் திரவத்திலுள்ள அயனிகளின் செறிவும் கடல்நீரிலுள்ள செறிவும் வேறு வேறு. ஆகவே செவுளிலும் வாயின் மெல்லிய தோலிலும் சிறு மின்னோட்டம் கசிந்துகொண்டேயிருக்கிறது. மீன் மூச்சுவிடும்போது வாயும் செவுளும் திறந்து மூடுவதால் அது ஏறி இறங்குகிறது. மீன் அசையாமல் கிடக்கலாம், மணலுக்குள் ஒளியலாம். ஆனால் மூச்சை நெடுநேரம் நிறுத்த முடியாதே!

கால்மைனின் சோதனைகளில் பூனைச்சுறா, சென்டிமீட்டருக்கு 0.00000001 வோல்ட், அதாவது 10 நானோ வோல்ட் அளவுள்ள மின்புலத்தையும் உணர்ந்தது. இது எவ்வளவு சிறிது? 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றின் இரு முனைகளையும் கடலில் இரண்டு இடங்களில் அமிழ்த்துவதாகக் கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே மின்னழுத்தம் ஒரே சீராகக் குறைவதாகவும் கொள்ளுங்கள். சென்டிமீட்டருக்கு 10 நானோ வோல்ட் கிடைக்க அந்த இடங்கள் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? வகுத்துப் பாருங்கள்: 15 கோடி சென்டிமீட்டர், அதாவது 1,500 கிலோமீட்டர்!

இத்தனை நுண்மை எப்படிக் கிடைக்கிறது? நம் வீட்டு மின்கம்பியை நினைவுகூருங்கள். உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக் உறை. சுறாவின் குழாயும் அவ்வாறே. உள்ளேயிருக்கும் கூழ் நல்ல மின்கடத்தி. குழாயின் சுவர் மின்சாரத்தைக் கடத்தாதது. எனவே துளையின் வாயிலுள்ள மின்னழுத்தம் குறையாமல் குடுவையின் உணர்வுச் செல்வரை வந்துவிடுகிறது. குழாய் நீளமாக இருந்தால் அதன் இரு முனைகளுக்கும் இடையே கிடைக்கும் மின்னழுத்த வேறுபாடும் மிகுதி. குழாய்கள் பல திசைகளிலும் பரந்திருப்பதால், எந்தப் பக்கத்தில் புலம் வலிது என்று ஒப்பிட்டு இரையின் திசையை அறிய முடிகிறது. வௌவாலுக்கு இரண்டு காதுகள் செய்யும் வேலையைச் சுறாவுக்கு நூற்றுக்கணக்கான துளைகள் செய்கின்றன.

எது சிறந்தது?

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். இரு வழிகளையும் மூன்று வகையில் எடை போடலாம்.

முதலாவது, எட்டும் தொலைவு. வௌவாலின் குரல் பரவிச் செல்லும்போது தொலைவின் இருமடிக்கேற்ப நலிகிறது. பூச்சியிலிருந்து புறப்படும் எதிரொலியும் அவ்வாறே நலிகிறது. இரண்டையும் பெருக்கினால் எதிரொலியின் வலிமை தொலைவின் நான்காம் மடிக்கேற்பக் குறைகிறது. தொலைவு 2 மடங்கானால் எதிரொலி 16-இல் ஒரு பங்கு. 10 மடங்கானால் 10,000-இல் ஒரு பங்கு. மீயொலியைக் காற்று உறிஞ்சிக்கொள்வதும் இதனுடன் சேரும். ஆகவே சிறு பூச்சியை வௌவால் அறிவது சில மீட்டர்களுக்குள்தான். மீனின் மின்புலமோ ஏறத்தாழ தொலைவின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. ஆனால் அது தொடங்கும்போதே மிக நலிந்தது. அதனால் சில பத்து சென்டிமீட்டர்களுக்கு அப்பால் சுறாவுக்கும் அது எட்டாது. தொலைவிலிருந்து அழைத்துவரச் சுறாவுக்கு மூக்கு வேண்டும். கடைசிச் சாணில்தான் மின்புலம் கைகொடுக்கிறது.

இரண்டாவது, ஊடகம். எதிரொலி முறை காற்றிலும் நடக்கும், நீரிலும் நடக்கும். கடலில் ஓங்கில்களே இதற்குச் சான்று. சுறாவின் முறை அவ்வாறன்று. உப்புநீர் நல்ல மின்கடத்தி; எனவே மீனிலிருந்து கசியும் மின்னோட்டம் அதில் பரவுகிறது. காற்றோ கடத்தாப் பொருள். கொசுவின் செல்களிலும் மின்னழுத்தம் உண்டு. ஆனால் அதிலிருந்து காற்றின்வழியே வௌவாலை வந்தடையும் மின்னோட்டம் இல்லை. சுறாவின் குடுவைகளை வௌவாலுக்குப் பொருத்தினாலும் அவற்றால் பயனில்லை.

மூன்றாவது, இரகசியம். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு போகிறவர் பிறரைக் காண்பார். ஆனால் அதற்கு முன்பே பிறர் அவரைக் கண்டுவிடுவர். வௌவாலுக்கும் இந்த இடர் உண்டு. அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு மீயொலியைக் கேட்கும் காதுகள் உண்டு. பூச்சியைச் சேரும் ஒலி ஒருவழிப் பயணமே செய்திருக்கிறது. வௌவாலைச் சேரும் எதிரொலியோ இருவழிப் பயணம் செய்தது. ஆகவே வௌவால் பூச்சியை அறியுமுன்பே பூச்சி வௌவாலை அறிந்து திசை மாறிவிடலாம். இன்னும் ஒருபடி மேலே போனவை சில அந்துப்பூச்சிகள். அவை தாமே மீயொலிச் சொடுக்குகளை எழுப்புகின்றன. 1965-இல் டன்னிங், ரோடர் ஆகிய இருவர், சிறு பழுப்பு வௌவாலுக்கு மாவுப் புழுக்களைக் காற்றில் எறிந்து பிடிக்கப் பழக்கினர். புழுவை எறியும்போது இந்தச் சொடுக்கொலியையும் ஒலிக்கவிட்டால், வௌவால் பெரும்பாலும் பிடிக்காமல் திரும்பிவிட்டது!

சுறாவோ எதையும் அனுப்புவதில்லை. அதன் மின்புலனைப் பற்றி இரைக்கு எந்தத் தகவலும் போவதில்லை. ஆயினும் தற்காப்பு அடியோடு இல்லாமற் போகவில்லை. பகைவன் நெருங்குவதைக் கண்ணால் கண்ட கணவாய், அசைவை நிறுத்தி, மூச்சை அடக்கி, உடலின் திறப்புகளைக் கைகளால் மூடிக்கொள்கிறது. அப்போது அதன் மின்புலம் குறைகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முட்டைக்குள் இருக்கும் மூங்கில் சுறாக் குஞ்சுகள், பகைவனின் மின்புலத்தைப் போன்ற புலத்தை உணர்ந்ததும் செவுளசைவை நிறுத்திக்கொள்வது 2013-இல் அறியப்பட்டது. வேட்டையாடும் புலனே ஒளிந்துகொள்ளவும் உதவுகிறது!

ஆக, 'சிறந்த வழி' என்று ஒன்றில்லை. தொலைவில் பறக்கும் பூச்சியைக் காற்றில் பிடிக்க வேண்டியவனுக்குக் கூவுவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு விலையாக இரகசியத்தை இழக்கிறான். காலடியில் மணலுக்குள் ஒளிந்திருப்பதைப் பிடிப்பவனுக்கு மௌனமே போதும்; அதற்கு விலையாகத் தொலைவை இழக்கிறான். இரண்டு பேரங்களையும் எழுதியது ஊடகத்தின் இயற்பியல்.

இன்று இவற்றின் நிலை

இவ்வளவு நுண்ணிய கருவிகளைச் சுமந்த இந்த விலங்குகள் இன்று எப்படி இருக்கின்றன? சிறு பழுப்பு வௌவாலின் செய்தி துயரமானது. 2006-இல் நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில், மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்த வௌவால்கள் முதன்முதலாகக் காணப்பட்டன. 'வெண்மூக்கு நோய்' என்று பெயர் பெற்ற இந்நோய், குளிர்கால உறக்கத்திலிருக்கும் வௌவால்களை அடிக்கடி விழிக்கச் செய்கிறது. வசந்தம் வரைக்கும் சேமித்து வைத்த கொழுப்பு பாதியிலேயே தீர்ந்து, அவை பட்டினியால் மடிகின்றன. நோய் பரவிய பகுதிகளில் பத்தாண்டுகளுக்குள் இவ்வினத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டன. தாய் வௌவால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். ஆகவே இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் ஆகும். சில குகைகளில் நோய்க்குத் தப்பிய வௌவால்கள் நிலைபெற்று வருவதே இன்றுள்ள நம்பிக்கை.

பூனைச்சுறாவுக்கு இப்போது அத்தகைய ஆபத்து இல்லை. ஆனால் அது வாழும் ஐரோப்பியக் கடல்களில் காற்றாலைகள் பெருகியுள்ளன; அவற்றின் மின்சாரத்தைக் கரைசேர்க்கும் கம்பிகள் கடலடியில் கிடக்கின்றன. கம்பியின் உறை மின்புலத்தை உள்ளேயே அடக்கிவிடும். காந்தப்புலத்தை முற்றிலும் அடக்காது. காந்தப்புலத்தின் குறுக்கே கடல்நீர் ஓடினாலும் சுறா நீந்தினாலும் மின்தூண்டலால் ஒரு நலிந்த மின்புலம் பிறக்கும். பாரடே கண்ட விதிதான். நமக்கு அது ஒன்றுமேயில்லை. சென்டிமீட்டருக்கு 10 நானோ வோல்ட்டை உணரும் ஒரு மீனுக்கு? அதை அறிய ஆய்வாளர்கள் பூனைச்சுறாக்களைக் கம்பிகளின் அருகே விட்டுச் சோதித்து வருகின்றனர்.

ஒரு காலத்தில் நம் காதுக்கு எட்டாததால் வௌவாலை ஊமை என்று எண்ணினோம். நம் தோலுக்கு எட்டாததால் சுறாவின் துளைகளை 282 ஆண்டுகள் புரிந்துகொள்ளாதிருந்தோம். உலகம் நம் ஐந்து புலன்களோடு முடிந்துவிடவில்லை. அடுத்த முறை தெருவிளக்கைச் சுற்றி வௌவால் ஒன்று ஓசையின்றிப் பறப்பதைக் கண்டால், அது நமக்குத்தான் ஓசையின்றிப் பறக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.